நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? முப்பரிமாண நிலவியல் வரைபடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் போடுகிறவர்கள், வீடு கட்டுகிறவர்கள், நிலவியல் படிக்கும் மாணவர்கள், ஊராட்சி உறுப்பினர்கள் என்று பலரும் கேட்கிற கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். சிலவற்றைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

சாதாரண நிலவியல் வரைபடத்துக்கும் முப்பரிமாண வரைபடத்துக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண நிலவியல் வரைபடம் தரையின் மேல் எந்த இடத்தில் எந்தப் பாறை, எந்த மண் என்பதை வண்ணம் போட்டுக் காட்டும். இங்கிலாந்தில் கால்வாய் வேலைக்கு நில அளவை செய்துகொண்டிருந்த வில்லியம் ஸ்மித் 1815இல் ஒரு நாடு முழுவதற்குமான வரைபடத்தை அப்படித்தான் வெளியிட்டார். கால்வாய் வெட்டும்போது அடுக்குகள் எந்த வரிசையில் வருகின்றன என்று அவர் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது.

அந்த வரைபடத்தில் செம்மண் நிறம் பூசிய இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் செம்மண் எத்தனை மீட்டர் ஆழம்? அதற்குக் கீழே களிமண்ணா, மணலா, பாறையா? இதற்கெல்லாம் வண்ணம் மட்டும் பதில் சொல்லாது. முப்பரிமாண வரைபடம் சொல்லும். ஒவ்வொரு அடுக்கும் எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் சரிகிறது, எங்கே மெலிந்து காணாமல் போகிறது என்பதெல்லாம் கணினியில் ஒரு மாதிரி வடிவமாக (மாடல்) இருக்கும். எந்த இடத்தில் வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கலாம்.

நெதர்லாந்தின் தேசிய நிலவியல் ஆய்வு நிறுவனமான டி.என்.ஓ. தயாரிக்கும் 'ஜியோடாப்' இதற்கு நல்ல உதாரணம். நிலத்தைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியும் 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம். கடல்மட்டத்துக்குக் கீழே 50 மீட்டர் வரை போகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் மணல் இருக்க எவ்வளவு வாய்ப்பு, களிமண் இருக்க எவ்வளவு வாய்ப்பு, புல்கரி (செடிகொடிகள் அரைகுறையாக மக்கிச் சேர்ந்த மென்மையான மண்) இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று எழுதியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

அடியில் இருப்பதைத் தோண்டாமலே எப்படி வரைகிறார்கள்?

தோண்டாமல் முடியாது. அடிப்படை எப்போதும் துளைகள்தான். எந்த ஆழத்தில் என்ன மண் வந்தது என்று ஆள் உட்கார்ந்து எழுதிய பதிவுகள் வேண்டும். துளைக்கும் துளைக்கும் நடுவே உள்ள இடத்தைப் புவி இயற்பியல் அளவீடுகள் நிரப்புகின்றன. தரையில் கம்பிகளை ஊன்றி மின்சாரம் செலுத்தி மின்தடையை அளப்பது நம் ஊரிலும் பலர் பார்த்த முறை. இதையே பெரிய அளவில், ஹெலிகாப்டருக்குக் கீழே ஒரு பெரிய வளையத்தைத் தொங்கவிட்டுச் செய்கிறார்கள். வளையத்தில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால் நிலத்துக்குள் ஒரு மின்னோட்டம் தூண்டப்படும். அது எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று அளந்தால் கீழே மின்சாரத்தைக் கடத்தும் அடுக்கு எது, கடத்தாத அடுக்கு எது என்று தெரியும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. களிமண்ணும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், உப்புத் தண்ணீர் நிரம்பிய மணலும் நன்றாகக் கடத்தும். கடலோரத்தில் கருவி இரண்டையும் ஒன்றுபோலவே காட்டலாம். எது களிமண், எது உப்புநீர் என்று தீர்த்துச் சொல்ல அங்கே ஒரு துளை போட்டே ஆக வேண்டும். ஹெலிகாப்டர் பறந்துவிட்டால் வரைபடம் வந்துவிடும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

கடைசியில் நிலவியலாளரின் கண் வேண்டும். இந்த மணல் பழைய ஆற்றுப்படுகையா, கடற்கரை மேடா என்று தெரிந்தால்தான் அது எந்தத் திசையில் நீளும் என்று ஊகிக்க முடியும். அந்த ஊகத்தைக் கணினி தானாகச் செய்துவிடாது.

தமிழ்நாட்டில் இப்படி எங்காவது செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். 2010களின் முதல் பாதியில் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்காக ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு முன்னோட்டத் திட்டத்தை நடத்தியது. ராஜஸ்தானில் தௌசா, ஜெய்சல்மேர், பீகாரில் பாட்னா, மகாராஷ்டிரத்தில் நாக்பூர், கர்நாடகத்தில் தும்கூர், தமிழ்நாட்டில் கடலூர் என்று ஆறு பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தின் துணையோடு ஹெலிகாப்டர் அளவீடும் நடந்தது. பாலைவனம், கங்கைச் சமவெளி, எரிமலைப் பாறை, கடினப்பாறை, கடலோரப் படிவு என்று ஒவ்வொரு வகை நிலத்துக்கும் ஒரு மாதிரி எடுப்பதுதான் நோக்கம்.

கடலூரில் அப்படி என்ன விசேஷம்?

இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நிலத்துக்கு அடியில் உள்ள அமைப்பு ஒரு மாவட்டத்தின் வாழ்க்கையை எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் தமிழ்நாட்டில் இல்லை.

1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கறுப்புத் துகள்கள் வெளியே வந்தன. பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1940களில் துளையிட்டுப் பார்த்துப் பழுப்பு நிலக்கரி இருப்பதை உறுதிசெய்தது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது, அடுத்த ஆண்டு சுரங்க வேலை ஆரம்பமானது.

நிலக்கரியைத் தோண்டுவதைவிடப் பெரிய பிரச்சினை அதற்கு அடியில் இருந்தது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே கனமான மணல் அடுக்கு, அது நிறையத் தண்ணீர். அந்தத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு நிலக்கரியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. மேலே உள்ள மண்ணை அள்ளிவிட்டால் அந்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க எடை இருக்காது, சுரங்கத்தின் தரையே பிய்த்துக்கொண்டு வெள்ளம் மேலே வந்துவிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றிக் கிணறுகள் போட்டு இரவு பகலாகத் தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் ஒரு டன் நிலக்கரியாவது எடுக்க முடியும். இன்றும் அப்படித்தான் நடக்கிறது.

அதே மணல் அடுக்குதான் கடலூர் மாவட்ட விவசாயிகளின் தண்ணீரும். மோட்டார் இல்லாமலே தானாகப் பொங்கி வழிந்த கிணறுகள் இந்தப் பக்கம் ஒரு காலத்தில் உண்டு. பொங்குவது நின்றுபோய், மோட்டாரை ஆழத்தில் இறக்க வேண்டிய நிலைமை வந்தபோது, யார் எடுக்கும் தண்ணீர் யாரைப் பாதிக்கிறது என்ற கேள்வி எழுந்தது. கடலூர் மணற்கல் என்று சொல்லப்படும் இந்த அடுக்கு மேற்கே தரைக்கு வந்து தலைகாட்டுகிறது. கிழக்கே கடலை நோக்கிச் சரிந்து ஆழத்துக்குப் போகிறது. மழைநீர் மேற்கே உள்ளே இறங்குகிறது, தண்ணீரை எடுப்பதோ பல கிலோமீட்டர் தள்ளி. கடற்கரைப் பக்கம் அதே அடுக்கில் உப்புநீர் எங்கே காத்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

இத்தனையையும் ஒரு தட்டையான தாளில் பார்த்துப் பேச முடியாது. சுரங்கம், விவசாயி, குடிநீர் வாரியம் என்று மூன்று தரப்பும் ஒரே மாதிரியை முன்னால் வைத்துக்கொண்டு பேசினால், சண்டை தீராவிட்டாலும் எதைப் பற்றிச் சண்டை என்பதாவது தெளிவாகும். இந்த வரைபடத்தின் பொதுப் பயன் எனக்கு முதலில் தெரிவது இங்கேதான்.

தண்ணீரைத் தவிர வேறு எதற்குப் பயன்?

ஜெர்மனியின் தென்மேற்கில் ஷ்டாவ்ஃபன் என்று ஒரு பழைய சிற்றூர். 2007இல் நகர்மன்றக் கட்டடத்தைப் பூமிச் சூட்டால் வெதுவெதுப்பாக வைக்கலாம் என்று அதன் பின்னால் சுமார் 140 மீட்டர் ஆழத்துக்கு ஏழு துளைகள் போட்டார்கள். கீழே அழுத்தத்தில் இருந்த தண்ணீர் துளை வழியாக மேலே ஏறி, நீரற்ற கால்சியம் சல்பேட் இருந்த அடுக்குக்குள் புகுந்தது. தண்ணீர் பட்டதும் அது ஜிப்சமாக மாறும், மாறும்போது கன அளவு பாதிக்கு மேல் பெருக்கும். ஊரே மெல்ல மேலெழுந்தது. தொடக்கத்தில் சில இடங்களில் மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு. 250க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். நல்ல எண்ணத்தோடு, சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று நம்பிச் செய்த வேலை அது. கீழே எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு, எதில் அழுத்தத்தோடு தண்ணீர் என்பதுதான் அங்கே விஷயம்.

நில அதிர்வுக்கும் இது உதவுகிறது. நெதர்லாந்தின் குரோனிங்கன் பகுதியில் பல பத்தாண்டுகள் இயற்கை எரிவாயு எடுத்ததால் நிலம் அதிர்ந்தது. 2012 ஆகஸ்ட் 16 அன்று ஹைசிங்க என்ற ஊரருகே 3.6 அளவில் ஓர் அதிர்வு. எண் சின்னதுதான். ஆனால் மேலே உள்ள சில பத்து மீட்டர்களில் மென்மையான புல்கரியும் களிமண்ணும் இருந்தால் அதிர்வு பெருகும். எந்த ஊரில் எவ்வளவு பெருகும் என்று கணக்கிட நான் மேலே சொன்ன ஜியோடாப் மாதிரியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அது வேறு தேவைகளுக்காக ஏற்கெனவே இருந்தது. எரிவாயு எடுப்பது 2023 அக்டோபரில் நிறுத்தப்பட்டது.

சுரங்கப்பாதைகளைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் மெட்ரோ சுரங்க வேலை நடந்த இடத்தில் சாலை உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் குழிக்குள் இறங்கின. சென்னைக்கு அடியில் மணல், களிமண், சிதைந்த பாறை, கெட்டிப் பாறை எல்லாம் கிட்டக்கிட்டக் கலந்து கிடக்கின்றன. தோண்டும் எந்திரத்தின் முகத்தில் ஒரு பாதி கல்லாகவும் மறுபாதி மணலாகவும் வந்தால் அதை ஓட்டுவது மிகச் சிரமம்.

மீஞ்சூர் உப்புத்தண்ணீர் கதைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் இருக்கும் ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் இருந்து நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் 1960களிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். கடல்நீர் உள்ளே வந்துகொண்டே இருந்தது, பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் வந்துவிட்டது. அங்கே மேலே ஒரு நீர்தாங்கி (தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் அடுக்கு), நடுவில் களிமண், கீழே இன்னொரு நீர்தாங்கி. மேல் அடுக்கு உப்பானாலும் களிமண் தடுத்தால் கீழ் அடுக்கு தப்பிக்கும். களிமண் எங்கே மெலிந்து ஓட்டையாக இருக்கிறதோ அங்கே தப்பிக்காது. அந்த ஓட்டை எங்கே என்று முப்பரிமாண வரைபடத்தைத் தவிர வேறெதுவும் காட்டாது.

இவ்வளவு செலவு செய்வதற்கு லாபம் உண்டா?

இதற்குக் கைக்கு எட்டும் நல்ல பதில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருக்கிறது. 1960 முதல் 1978 வரை மாநிலம் முழுவதையும் 1:24,000 அளவில் 707 வரைபடங்களாக வரைந்து முடித்தார்கள். அவை தட்டையான வரைபடங்கள், முப்பரிமாணம் கிடையாது. இருந்தாலும் கணக்கு பொருந்தும். 2000இல் வெளியான ஓர் ஆய்வில், அவற்றைப் பயன்படுத்தியவர்களிடம், இந்த வரைபடம் இல்லையென்றால் இதே தகவலுக்கு எவ்வளவு செலவழித்திருப்பீர்கள் என்று கேட்டார்கள். வரைபடத்தின் மதிப்பு ஆன செலவைப் போல 25 முதல் 39 மடங்கு என்று வந்தது.

எனக்கு மடங்கைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. நிலக்கரியையும் கனிமத்தையும் மனத்தில் வைத்துத் தொடங்கிய வேலை அது. பின்னால் அதை எடுத்துப் பயன்படுத்தியவர்களோ நிலத்தடி நீர், சாலை, நிலச்சரிவு, குப்பைக் கிடங்குக்கு இடம் தேடுவது என்று வேறு வேறு வேலைகளில் இருந்தவர்கள். வரையும்போது யாரும் நினைத்திராத தேவைகளுக்குப் பின்னால் அது கை கொடுத்தது.

தேவைப்படும் நிறுவனங்களே செய்துகொள்ளட்டுமே. அரசு ஏன் செய்ய வேண்டும்?

தேவைப்படும் நிறுவனங்கள் செய்துகொண்டுதான் இருக்கின்றன. பாலம் கட்டுகிறவர் துளை போடுகிறார், அடுக்குமாடி கட்டுகிறவர் போடுகிறார், குழாய் பதிக்கிறவர் போடுகிறார். வேலை முடிந்ததும் அறிக்கை அலமாரிக்குப் போகிறது. பத்து வருடம் கழித்துப் பக்கத்து மனையில் இன்னொருவர் காசு கொடுத்து அதே மண்ணை மறுபடி துளைக்கிறார். ஒரு ஊரில் ஆயிரம் துளை இருந்தும் ஊருக்கு ஒரு வரைபடம் இல்லாமல் போவது இதனால்தான்.

பிரிட்டன் இதை முன்னமே புரிந்துகொண்டது. கனிமத்துக்காக 30 மீட்டருக்கு மேல் துளையிட்டால் தகவல் கொடுக்க வேண்டும் என்று 1926லேயே சட்டம் போட்டார்கள். தண்ணீருக்காக என்றால் 15 மீட்டருக்கு மேல் போனாலே சொல்லியாக வேண்டும். இன்று பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனத்திடம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துளைப் பதிவுகள் இருக்கின்றன. நெதர்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அரசு அமைப்புகள் தங்கள் நிலத்தடித் தகவலைப் பொதுப் பதிவேட்டில் சேர்த்தே ஆக வேண்டும். முடிவெடுக்கும்போது அந்தப் பதிவேட்டைப் பார்த்தே ஆக வேண்டும். பதிவேட்டில் தவறு கண்டால் தெரிவிக்கவும் வேண்டும். கொடு, பார், திருத்து என்ற மூன்றும் சேர்ந்திருப்பதால்தான் அங்கே வரைபடம் பழையதாகிப் போகாமல் வருடாவருடம் மேம்படுகிறது.

தமிழ்நாட்டில் ஆழ்துளைக் கிணறு போட அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த அனுமதியோடு, துளையில் எந்த ஆழத்தில் என்ன வந்தது என்று ஒரே ஒரு பக்கம் பதிவு கொடுக்க வேண்டும், அது பொதுவில் இருக்க வேண்டும் என்று சேர்த்தால் போதும். ஹெலிகாப்டருக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

நம் ஊரில் பெரும்பகுதி கடினப்பாறைதானே, அடுக்கே இல்லாத இடத்தில் இது எதற்கு?

நியாயமான கேள்வி. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப்பாறை. சேலத்திலோ நாமக்கல்லிலோ நெதர்லாந்து மாதிரி அழகாக அடுக்கு வராது. ஆனாலும் மேலே மண், அதற்குக் கீழே சிதைந்த பாறை, அதற்குக் கீழே விரிசல் விட்ட பாறை, கடைசியில் கெட்டிப் பாறை என்று ஒரு வரிசை அங்கேயும் உண்டு. சிதைந்த பாறையின் கனம் ஒரு வயலில் ஐந்து மீட்டர், அடுத்த வயலில் இருபத்தைந்து மீட்டர் என்று மாறும். மழைநீர் சேர்ந்து நிற்பது பெரும்பாலும் அதில்தான். அந்தக் கனத்தை மட்டும் ஒரு வட்டம் (தாலுகா) முழுவதற்கும் சரியாக வரைந்தால், தடுப்பணையை எங்கே கட்டினால் தண்ணீர் உள்ளே இறங்கும், எங்கே வீண் என்று சொல்லிவிடலாம்.

தனித்தனி விரிசல்களை வரைவது மிகக் கடினம். அங்கே இந்த வரைபடத்திடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது.

அப்படியானால் என் நிலத்தில் எங்கே தண்ணீர் வரும் என்று சொல்லாதா?

சொல்லாது. எந்தப் பகுதியில் வாய்ப்பு அதிகம், எந்த ஆழத்துக்குக் கீழே போவது வீண் செலவு என்பது வரை சொல்லும். பாயிண்ட் பார்ப்பதற்கு, அதாவது துளை போடும் இடத்தைக் குறிப்பதற்கு, அந்த இடத்தில் தனியாக அளவீடு வேண்டும்.

வரைபடம் தவறாக இருந்தால்?

சில இடங்களில் தவறாகத்தான் இருக்கும். துளை நெருக்கமாக உள்ள இடத்தில் நம்பலாம், துளையே இல்லாத இடத்தில் அது ஊகம். நல்ல வரைபடம் எது ஊகம் என்பதையும் சேர்த்துச் சொல்லும். ஜியோடாப்பில் ஒவ்வொரு பெட்டிக்கும் வாய்ப்பு அளவு கொடுத்திருப்பது அதற்காகத்தான். எந்த வரைபடம் இருந்தாலும் கட்டடம் கட்டுமுன் மண் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். எத்தனை இடத்தில், எவ்வளவு ஆழத்தில் செய்யலாம் என்பதை வரைபடம் சொல்லும்.

என் கிணற்று விவரம் பொதுவில் போனால் எனக்குச் சிக்கல் வராதா?

பயம் புரிகிறது. அதற்கு வழி இருக்கிறது: மண் விவரம் பொதுவில் போகட்டும், உரிமையாளர் பெயர் போக வேண்டியதில்லை. மண் என்ன வகை என்பதில் யாருக்கும் ரகசியம் இல்லை. நில மதிப்பு குறையும் என்ற கவலைக்கு என் பதில் கொஞ்சம் கடுமையானது. கீழே வீங்கும் களிமண் இருப்பது தெரியாமல் ஒருவர் வீடு வாங்கி, அது விரிசல் விட்டபின் தெரிந்துகொள்வதில் எந்த நியாயமும் இல்லை.

இந்தியாவில் இப்போது பொதுவில் என்ன கிடைக்கிறது?

இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் 'பூகோஷ்' தளத்தில் தரைமட்ட நிலவியல் வரைபடங்கள் கிடைக்கும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012இல் தொடங்கிய தேசிய நீர்தாங்கி வரைபடத் திட்டத்தின் மாவட்ட அறிக்கைகளும் இணையத்தில் உண்டு. அவற்றில் நீர்தாங்கிகளின் முப்பரிமாணப் படங்களும் குறுக்குவெட்டுகளும் இருக்கும். உங்கள் மாவட்டத்து அறிக்கையைத் தேடி, குறுக்குவெட்டுப் படத்தை மட்டுமாவது பாருங்கள். துளைகள் எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள்.

அடுத்த வாரம் எங்கள் தோட்டத்தில் போர் போடுகிறோம். நான் என்ன குறித்துவைக்க வேண்டும்?

இப்படி யாராவது கேட்டால் எனக்கு மிகவும் சந்தோஷம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நின்றதும், முதலில் போனில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ராடு மாற்றும்போதும் வெளியே தள்ளும் தூளில் ஒரு கைப்பிடி எடுத்துச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஆழத்தை அழியாத பேனாவால் எழுதுங்கள். வரிசையாகத் தரையில் வைத்துப் படம் எடுங்கள். செம்பழுப்பு எங்கே வெளிறுகிறது, எங்கே கறுப்பாகிறது என்று படத்திலேயே தெரியும்.

கேசிங் பைப் எத்தனை அடி இறங்கியது என்பது மிக முக்கியம், சிதைந்த பாறை எங்கே முடிகிறது என்பதற்கு அதுவே நல்ல அடையாளம். தூள் எந்த ஆழத்தில் ஈரமானது, ஓட்டுகிறவர் 'கேப் விழுந்தது' (பாறையில் விரிசல் வந்தது) என்று எந்தெந்த ஆழத்தில் சொன்னார், ஒவ்வொரு தடவையும் தண்ணீர் எவ்வளவு கூடியது என்று எழுதுங்கள். ஓட்டுகிற அண்ணனிடம் கேளுங்கள், கம்பிரசர் சத்தம் மாறுவதை வைத்தே அவருக்குப் பாறை மாறுவது தெரியும். அந்த அறிவு இதுவரை எந்தக் காகிதத்திலும் ஏறியதில்லை. சில நாள் கழித்து நிலையான நீர்மட்டத்தையும் அளந்துவிடுங்கள்.

தண்ணீர் வராவிட்டால் ரொம்பப் பேர் நோட்டை மூடிவிடுகிறார்கள். வராத போரைத்தான் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் வந்த போர் எங்கே என்று ஊருக்கே தெரியும், வராதது நிலம் கைமாறியதும் மறந்துபோகும். குழியை இரும்பு மூடியால் இறுக மூடுங்கள். நோட்டின் ஒரு பிரதியை மாவட்டத்தில் நிலத்தடி நீரைப் பார்க்கும் நிலவியலாளரிடம் கொடுங்கள், இன்னொன்றை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து வாங்கியதற்குக் கையெழுத்துக் கேளுங்கள்.